மழைக்குப் பின் கிடைக்கும் ஒற்றை ராணி: பூலாம்பாடி வட்டாரத்தில் எறும்பு வளர்ப்போர் இனங்காணும் முறை பற்றிய ஆய்வு

1. பொருளும் எல்லையும்

எறும்புகளை இனம் பிரிப்பதற்கான வகைப்பாட்டுத் திறவுகோல்கள் பெரும்பாலும் வேலைக்கார எறும்பை மேசைமேல் வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. சி. டி. பிங்கம் 1903இல் வெளியிட்ட ‘பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினம்’ வரிசையின் எறும்புத் தொகுதி இன்றும் நம் நாட்டு எறும்புகளுக்கு அடிப்படை நூல். அதிலும் வேலைக்கார எறும்புக்கே முதலிடம். ராணியைப் பற்றிச் சில இனங்களுக்குச் சில வரிகள், பல இனங்களுக்கு அதுவும் இல்லை. இதில் வியப்பதற்கு ஏதும் கிடையாது. புற்றைச் சுற்றி எப்போதும் திரிபவை வேலைக்கார எறும்புகள். ராணி மண்ணுக்குள் இருக்கிறாள். சேகரிப்பவர் கையில் எது அகப்படுமோ அதைத்தான் நூலில் எழுத முடியும்.

எறும்பு வளர்ப்பவரின் நிலை இதற்கு நேர்மாறானது. மழை விட்ட மாலையில் தெருவிளக்கின் அடியில் அவர் ஒரு ராணியைப் பிடிக்கிறார். அவளோடு வேலைக்கார எறும்புகள் இல்லை, புற்று இல்லை, அவள் எங்கிருந்து பறந்து வந்தாள் என்பதும் தெரியாது. நூல்கள் எந்த முனையிலிருந்து தொடங்குகின்றனவோ அதற்கு எதிர்முனையில் அவர் நிற்கிறார். ‘இது என்ன எறும்பு’ என்று படம் அனுப்பிக் கேட்பவர்களுக்குக் கிடைக்கும் விடைகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு முதற்காரணம் இதுதான்.

ராணியை மட்டும் வைத்துப் பேரினம் வரை நம்பிக்கையோடு போகலாம், அதற்குமேல் இனப்பெயர் சொல்வது பல வேளைகளில் ஊகம் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. இமேந்தர் பாரதியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட பட்டியல் இந்தியாவில் 100 பேரினங்களுக்குள் 828 இனங்களையும் துணையினங்களையும் கணக்கிடுகிறது. பேரினத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால், வளர்ப்பவருக்கு அன்றிரவே தேவைப்படும் ஒரு விடை கிடைத்துவிடும்: இந்த ராணிக்கு உணவு கொடுக்க வேண்டுமா, கூடாதா? இனப்பெயர் காத்திருக்கலாம்.

எல்லையாகக் கொண்ட இடம் பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில் உள்ள பூலாம்பாடியும் அதன் சுற்றுப்புறமும். இங்கே கூறப்படும் பேரினங்களில் பெரும்பாலானவை தமிழகச் சமவெளி எங்கும் பரவியவை என்பதால் அரியலூரிலோ துறையூரிலோ இருப்பவருக்கும் இந்த முறை பயன்படும்.

2. நிலமும் பொழுதும்

பிடித்த இடமும் நேரமும் உடல் அடையாளங்களுக்கு இணையான சான்றுகள். இதைப் பலர் குறித்துவைப்பதே இல்லை.

பூலாம்பாடிக்கு ஒரு பக்கம் பச்சைமலை. மலையடிவாரத்தை ஒட்டிச் செம்மண்ணும் சரளையும். சமவெளிப் பக்கம் போகப் போகக் கரிசல். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று மானாவாரியும் கிணற்றுப் பாசனமும் கலந்த வெள்ளாமை. காய்ந்தால் பிளந்தும் நனைந்தால் பொதிந்தும் மாறும் கரிசலில் கூடு கட்டும் எறும்பும், நீர் வடியும் செம்மண் வரப்பில் கட்டும் எறும்பும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. மக்காச்சோளக் காட்டு ஓரத்தில், புற்று வாயைச் சுற்றி விதை உமி வட்டமாகக் குவிந்திருந்தால் அங்கே தானியம் சேர்க்கும் எறும்பு இருக்கிறது. ட்ரைகோமிர்மெக்ஸ் ஸ்காப்ரிசெப்ஸ் அவற்றுள் ஒன்று. குஸ்தாவ் மாயர் 1879இல் பெயரிட்டது. அந்த உமி வட்டத்தின் அருகே இறக்கையோடு வெளியேறிக்கொண்டிருக்கும் ராணியைப் பிடித்தால் இனங்காணும் வேலையில் பாதி முடிந்தது, ஏனென்றால் அவளுடைய வேலைக்கார எறும்புகளும் அதே வாயிலில் நிற்கும். பறந்து முடித்து விளக்கடிக்கு வந்தவளுக்கு அந்தத் துணை கிடையாது. ஆகவே, கூட்டு வாயிலில் கண்ட ராணியோடு ஓரிரு வேலைக்கார எறும்புகளையும் சாராயத்தில் போட்டு எடுத்துவருவது இக்கட்டுரை வற்புறுத்தும் முதல் பழக்கம்.

பறக்கும் காலம் மழையோடு கட்டுண்டது. நீண்ட வெயிலுக்குப் பின் வரும் கோடை மழை, பிறகு ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டின் முதல் நல்ல மழைகளுக்குப் பிந்திய மாலைகளே எறும்பு வளர்ப்போரின் அறுவடைக்காலம். மண் நனைந்திருந்தால்தான் தனி ஒருத்தியாகக் குழி தோண்ட முடியும். தேதி, மழை பெய்து எவ்வளவு நேரம் ஆயிற்று, மாலையா நள்ளிரவா விடியலா, விளக்கா வெறுந்தரையா என்று நான்கு குறிப்புகளை, ராணியை இட்ட சோதனைக் குழாயின் மேல் ஒட்டிவிட வேண்டும். ஒரே இரவில் ஒரே விளக்கில் விழுந்தவை அனைத்தும் ஒரே இனம் என்று கொள்வது தவறு. மழை ஒன்றுதான், அதற்குக் காத்திருந்த இனங்கள் பல.

3. ராணிதானா என்பது

3.1 எறும்பே அல்லாதவை

அதே விளக்கில் அதே மழைக்கு ஈசலும் வருகிறது. இறக்கை இருக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்வோர் குறைவு. இறக்கை உதிர்ந்த ஈசலைக் கண்டு ஏமாறுவோர் உண்டு. ஈசலுக்கு இடுப்பு கிடையாது, மார்பும் வயிறும் ஒரே தடிமனில் தொடரும். உணர்கொம்பு மணிமாலை போல நேராக இருக்கும். எறும்பின் உணர்கொம்பு முதல் கணுவில் நீண்டு, முழங்கை மடிவதுபோல் மடங்கும்.

இன்னொன்று ஆபத்தானது. உடல் முழுக்க அடர்ந்த மயிரும், கறுப்பில் வெள்ளைப் புள்ளியும் செந்நிற மார்பும் கொண்டு, வெயிலில் தரையில் விரைந்து ஓடும் ‘எறும்பு’ உண்மையில் இறக்கையற்ற பெண் குளவி. மியூட்டிலிடே என்பது அதன் குடும்பம். இதன் கொட்டு மிகக் கடுமையானது. விரலால் தொடக் கூடாது.

3.2 ஆண்

ஆண் எறும்பும் இறக்கையோடுதான் வரும். தலை சிறுத்து, கண் பெருத்து, தாடை வலுவின்றி, உணர்கொம்பின் முதல் கணு குட்டையாக இருந்தால் அது ஆண். வளர்க்கப் பயன்படாது, சில நாளில் இறந்துவிடும். இவற்றுள் தனியே சொல்லத் தக்கது டோரைலஸ் பேரினத்தின் ஆண். விரல் போல நீண்டு உருண்ட மஞ்சட்பழுப்பு வயிறும் பெரிய கண்களும் கொண்டு விளக்கில் மோதி விழும் இதைப் ‘பெரிய ராணி’ என்று ஆசையோடு குழாயில் அடைப்பவர்கள் பலர். டோரைலஸின் உண்மையான ராணிக்குக் கண்ணும் இல்லை, இறக்கையும் இல்லை. அவள் மண்ணுக்கு அடியிலேயே வாழ்ந்து முடிப்பவள். தனி ராணியாக அவளைப் பிடித்துக் கூடு தொடங்க வைக்கவும் முடியாது. படையோடு பிரிந்துதான் புதுக் குடி உண்டாகும்.

3.3 பெரிய வேலைக்கார எறும்பு

கட்டெறும்பில் ஒரே கூட்டிலேயே சிறிதும் பெரிதுமாக வேலைக்கார எறும்புகள் உண்டு. பெருந்தலை கொண்ட பெரிய வேலைக்கார எறும்பு புதியவர் கண்ணுக்கு ராணியாகவே தெரியும். அளவை விட்டுவிட்டு மார்பைப் பார்க்க வேண்டும். வேலைக்கார எறும்பின் மார்பு மேலிருந்து பார்த்தால் பக்கவாட்டில் ஒடுங்கியது. தகடுகள் இணைந்து எளிமையாக இருக்கும். ராணியின் மார்பு பறப்பதற்காக அமைந்தது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கூன்போல் உயர்ந்து, பல தகடுகளாகப் பிரிந்து, நடுமார்புத் தகடு அகன்று கிடக்கும். இறக்கை உதிர்ந்த இடத்தில் இருபுறமும் சிறு தழும்புகள் தெரியும். தலையுச்சியில் முக்கோணமாக மூன்று ஒற்றைக்கண்கள் இருக்கும். சில பேரினங்களில் வேலைக்கார எறும்புக்கும் இவை உண்டு என்பதால் இவற்றைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும்.

இறக்கை உதிர்ந்திருப்பது கருவுற்றதற்கு உறுதி அல்ல. கலவாமலே இறக்கையை உதிர்த்த ராணியும் முட்டை இடுவாள். அதிலிருந்து ஆண்கள் மட்டுமே வரும். உடலைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

4. இடுப்பும் வயிற்று நுனியும்

பத்து மடங்கு உருப்பெருக்கும் கைவில்லை இருந்தால் போதும். இருபது மடங்கு இருந்தால் நலம். குழாயைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், உறைபெட்டியில் அன்று, சில நிமிடம் வைத்தால் ராணி அடங்குவாள். மில்லிமீட்டர் கோடிட்ட கிராஃப் தாளின் மேல் வைத்து மூன்று கோணத்தில் படம் எடுக்க வேண்டும்: பக்கவாட்டு, மேற்புறம், முகம் நேராக. முகத்தைப் படமெடுக்கத் தவறுபவர்களே மிகுதி. பேரின அடையாளங்கள் பலவும் முகத்தில்தான் இருக்கின்றன.

முதற்பிரிவு இடுப்பில். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கணுவா இரண்டு கணுவா என்று பக்கவாட்டில் பார்க்க வேண்டும். இரண்டு என்றால் பெரும்பாலும் மிர்மிசினே துணைக்குடும்பம். சுள்ளெறும்பும், அரிசி மூட்டையில் மொய்க்கும் சிற்றெறும்புகள் பலவும், தானியம் சேர்ப்பவையும் அதில் அடங்கும். மரத்தில் வாழும் மெலிந்த டெட்ராபொனெராவுக்கும் இரண்டு கணு உண்டு. அதன் நீண்ட பெருங்கண்ணும் ஒல்லியுடலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு கணு என்றால் வயிற்றின் நுனியைப் பார்க்க வேண்டும். நுனியில் சிறு வட்டத் துளையும் அதைச் சுற்றி மயிர் விளிம்பும் இருந்தால் ஃபார்மிசினே. கட்டெறும்பும் முசுறும் இதைச் சேர்ந்தவை, இவை அமிலம் பீச்சும், கொட்டா. துளை இன்றிக் கிடைமட்டப் பிளவு மட்டும் இருந்தால் டோலிகோடெரினே. கொடுக்கு வெளிப்பட்டு, வயிற்றின் முதல் வளையத்துக்குப் பின் ஓர் இறுக்கமும் தெரிந்தால் பொனெரினே. இந்த மூன்றாவதைப் பிரித்தறிவதுதான் வளர்ப்பவருக்கு மிக முக்கியம். காரணம் 7ஆம் பிரிவில் வரும்.

நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டைவிட்டு வந்த இளம் ராணியின் நிறம் முழுதாக முற்றியிருக்காது. விளக்கொளியில் கைபேசி எடுக்கும் படம் கறுப்பைப் பழுப்பாக்கும், பழுப்பைச் சிவப்பாக்கும். ‘சிவப்பு நிறம், ஒரு சென்டிமீட்டர்’ என்ற விவரத்தை மட்டும் கொண்டு பெயர் சொல்பவரின் சொல்லை நம்ப வேண்டியதில்லை.

5. அகப்படும் பேரினங்கள்

5.1 கட்டெறும்பு வகை

இவ்வட்டாரத்தில் எறும்பு வளர்ப்பைத் தொடங்குபவர் கையில் முதலில் வருவது பெரும்பாலும் கேம்போனோடஸ் பேரினத்து ராணிதான். ஒற்றைக் கணு, வயிற்று நுனியில் வட்டத் துளை, முகத்தில் உணர்கொம்புக் குழிகள் மேலுதட்டுத் தகட்டின் பின்விளிம்பைத் தொடாமல் சற்று மேலே தள்ளி அமைந்திருப்பது. மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் இப்பேரினமே.

கறுத்து, 15 மில்லிமீட்டரைத் தாண்டும் ராணி என்றால் ஃபேப்ரிசியஸ் 1787இல் பெயரிட்ட கேம்போனோடஸ் கம்ப்ரெசஸை முதலில் நினைக்கலாம். நம் வீட்டு வாசலில், எருக்கஞ்செடியில், அசுவினிப் பூச்சியின் தேன்கசிவை உறிஞ்சிக்கொண்டு திரியும் பெரிய கறுப்புக் கட்டெறும்பு அதுவே. ஆனால் ஊரில் கட்டெறும்பு என்று சொல்வதற்குள் கேம்போனோடஸ் பேரியஸ் என்ற சிறிய, வயிற்றில் சாம்பல் பூத்த இனமும் அடங்கிவிடுகிறது. சிறுத்த கம்ப்ரெசஸ் ராணியையும் பெருத்த பேரியஸ் ராணியையும் படத்தில் பிரிக்க முயன்று மணிக்கணக்கில் வாதிடுவதைவிட, ‘கேம்போனோடஸ், கம்ப்ரெசஸ் அல்லது பேரியஸ்’ என்று எழுதிவைப்பது நேர்மை. கேம்போனோடஸ் செரிசியஸில் இந்தச் சிக்கல் இல்லை. வயிற்றின்மேல் படிந்த பொன்னிறப் பட்டுமயிர் வேறு எதோடும் குழம்பாது. மஞ்சட்பழுப்பாக இரவில் விளக்குக்கு வருபவள் இரிட்டன்ஸ் கூட்டத்தைச் சேர்ந்தவளாக இருக்கலாம். அக்கூட்டம் வல்லுநர்களுக்கே தொல்லை தருவது.

பெரிய உடலைக் கண்டதும் கட்டெறும்பு என்று முடிவு கட்டுபவரை ஏமாற்றும் ஒரு ராணி இருக்கிறாள். 20 மில்லிமீட்டரை ஒட்டிய கருஞ்சிவப்பு உடல், ஆனால் இடுப்பில் இரண்டு கணு. அவள் கெரிபாரா டைவெர்சா. அவளுடைய மிகச் சிறிய வேலைக்கார எறும்பு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். இந்த இனத்தின் மிகப் பெரிய வேலைக்கார எறும்பு மிகச் சிறியதைப்போல 500 மடங்கு எடை கொண்டது என்று மார்க் மோஃபெட் கணித்திருக்கிறார். இத்தனை பெரிய ராணியிலிருந்து தூசு போன்ற குஞ்சுகள் வெளிவரும்போது, வேறு எறும்பு உள்ளே புகுந்துவிட்டதோ என்று வளர்ப்பவர் திகைப்பதில் பிழையில்லை.

5.2 சிவந்த சிறு ராணிகள்

6 முதல் 9 மில்லிமீட்டருக்குள், சிவப்பும் பழுப்புமாக, இரட்டைக் கணுவோடு, மழை இரவில் விளக்கடியில் டஜன் கணக்கில் கிடப்பவர்கள் இவர்கள். இங்கேதான் தவறான பெயர்கள் அதிகம் சூட்டப்படுகின்றன. ஆகவே சற்று நின்று பார்க்க வேண்டும்.

போட்டி பெரும்பாலும் ஃபைடோலேவுக்கும் சொலெனாப்சிஸ் ஜெமினேட்டாவுக்கும் இடையில். ஃபைடோலே பெருந்தலைச் சிப்பாய் கொண்ட சிற்றெறும்புப் பேரினம். ஜெமினேட்டா நாம் வயலில் கால் வைத்து அலறும் நெருப்பெறும்பு. மார்பு முடிந்து இடுப்பு தொடங்கும் பின்சரிவைப் பக்கவாட்டில் பார்த்தால் ஃபைடோலேவில் இரண்டு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும்; சொலெனாப்சிஸில் அந்தச் சரிவு வழவழப்பாக, முள்ளின்றி இருக்கும். உணர்கொம்பின் நுனியில் தடித்த கணுக்கள் ஃபைடோலேவில் மூன்று, சொலெனாப்சிஸில் இரண்டு. மொத்தக் கணுக்களை எண்ணுபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சொலெனாப்சிஸ் வேலைக்கார எறும்புக்குப் பத்துக் கணு என்று எல்லா நூலும் சொல்லும். ராணிக்குப் பதினொன்று. திறவுகோலை அப்படியே பின்பற்றி, பதினொன்று எண்ணி, ‘அப்படியானால் இது சொலெனாப்சிஸ் இல்லை’ என்று ஒதுக்கிவிட வாய்ப்பு மிக அதிகம். வேலைக்கார எறும்புக்கு எழுதிய நூலை ராணிக்குப் பொருத்தும்போது நேரும் பிழைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

முள்ளும் இல்லை, நுனிக் கணுக்கள் மூன்று என்றால் மோனோமோரியமோ ட்ரைகோமிர்மெக்ஸோ. முள் இருந்து, முகம் முழுக்க வரிவரியாகச் செதுக்கியதுபோல் இருந்தால் டெட்ராமோரியத்தையும் கருத வேண்டும்.

பெயர் தவறுவது பெரியவர்களுக்கும் நேர்ந்ததுதான். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய டி. சி. ஜெர்டன் 1851இல் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார். சற்றுமுன் சொன்ன டைவெர்சா உட்பட நம் பக்கத்து எறும்புகள் பலவற்றுக்கு முதற்பெயர் தந்த கட்டுரை அது. அதில் அவர் ஒரு சிவந்த எறும்புக்கு அட்டா ரூஃபா என்று புதுப்பெயர் இட்டார். ஃபேப்ரிசியஸ் 1804இலேயே அமெரிக்காவிலிருந்து பெயரிட்டிருந்த ஜெமினேட்டாதான் அது என்பது பின்னர் தெளிவாயிற்று. அமெரிக்க எறும்பு ஜெர்டனின் காலத்துக்கு முன்பே இங்கே வந்து, உள்ளூர் எறும்பாகத் தோன்றும் அளவுக்கு வேரூன்றியிருந்தது. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்குச் சென்ற ஸ்பானியக் கப்பல்களின் வழியாக அது ஆசியாவுக்குள் நுழைந்தது என்று 2015இல் வெளியான மரபணு ஆய்வு காட்டுகிறது.

ஃபைடோலேவில் இனப்பெயரைத் தேடுவது வீண் முயற்சி. இந்திய ஃபைடோலே இனங்கள் பலவற்றைச் சிப்பாயின் தலையை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். சிப்பாய் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

5.3 ஏனையவை

கிரிமட்டோகாஸ்டர் ராணியை எளிதில் அறியலாம். இரண்டாம் கணு வயிற்றின் மேற்புறத்தில் இணைவதால் வயிற்றை முதுகுக்கு மேல் தூக்க முடியும். மெரனோப்ளஸ் பைகலர் செந்நிற மார்பும் கறுப்பு வயிறும் மயிர் அடர்ந்த உடலும் கொண்டவள். உணர்கொம்பில் ஒன்பது கணு. ஏழே கணு என்றால் மிர்மிகேரியா. மாந்தோப்பிலும் கொய்யாத் தோப்பிலும் கிடைக்கும், பச்சை கலந்த பருத்த ராணி முசுறு; வேலைக்கார எறும்பு செம்மஞ்சளாக இருக்க ராணி மட்டும் வேறு நிறமாக இருப்பதால் இரண்டையும் ஒரே இனமென்று பலர் நம்புவதில்லை.

வீட்டுக்குள் திரியும் பாராட்ரெகினா லாங்கிகார்னிஸின் ராணி சிறியவள், பழுப்பு நிறத்தவள், பார்வைக்குச் சிறப்பு ஏதும் இல்லாதவள். ஆனால் 2011இல் வெளிவந்த ஆய்வின்படி, அவளுடைய மகள் ராணிகள் தாயின் நகல்கள், மகன்கள் தந்தையின் நகல்கள், வேலைக்கார எறும்புகள் மட்டுமே இருவரின் கலப்பில் பிறந்தவை. சோற்றுப் பருக்கையைச் சுற்றி ஓடும் எறும்புக்குள் இப்படி ஒரு ஏற்பாடு!

6. ராணியாகத் தெரியாத ராணிகளும் ராணியே இல்லாத கூடுகளும்

இதுவரை சொன்ன முறை, ராணிக்கும் வேலைக்கார எறும்புக்கும் தோற்றத்தில் பெரிய வேறுபாடு உண்டு என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. அந்த எடுகோள் சில துணைக்குடும்பங்களில் உடைகிறது.

டெட்ராபொனெரா ரூஃபோநைக்ரா ஜெர்டன் பெயரிட்ட எறும்புகளில் ஒன்று. கறுப்புத் தலை, செம்மஞ்சள் மார்பு, கறுப்பு வயிறு; பட்ட மரக்கிளையில் வாழ்வது; கொட்டினால் சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமை வரும். இதன் ராணி ஒல்லியானவள். இறக்கைத் தழும்பைத் தேடிப் பார்க்காவிட்டால் சற்று நீண்ட வேலைக்கார எறும்பு என்றே விட்டுவிடுவோம். குதிக்கும் எறும்பான ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டரிலும் ராணி, வேலைக்கார எறும்பைவிடச் சிறிதளவே பெரியவள். அங்கே ராணி இறந்தால் வேலைக்கார எறும்புகள் உணர்கொம்பால் மோதிப் போட்டியிட்டு, வென்றவை முட்டை இடத் தொடங்கும். அவற்றின் மூளை சுருங்கி, சூலகம் பெருக்கும். அந்தப் பதவியிலிருந்து இறக்கப்பட்டால் மூளை பழையபடி வளர்வதை 2021இல் ஓர் ஆய்வு காட்டியது.

டயகம்மா இன்னும் ஒரு படி மேலே. அதற்கு ராணிச் சாதியே கிடையாது. பிறக்கும் ஒவ்வொரு வேலைக்கார எறும்புக்கும் மார்பில் இறக்கையின் எச்சமாக ஒரு சிறு இணைப்புறுப்பு இருக்கும். பெரும்பாலான டயகம்மா இனங்களில், கூட்டில் ஆளும் ஒருத்தி மற்றவற்றின் உறுப்பைக் கடித்துத் துண்டிப்பாள். உறுப்பு தப்பியவளே ஆணோடு கலந்து முட்டையிட முடியும். வரி வரியான கல் போன்ற உடலும் கணுவின் மேல் இரண்டு முள்ளும் கொண்ட பெரிய கறுப்பு எறும்பைத் தோட்டத்தில் கண்டு, ‘ராணி எப்போது பறக்கும்’ என்று மழைக்குக் காத்திருப்பவர் எத்தனை பருவம் காத்திருந்தாலும் அது நடக்காது.

7. பெயரும் உணவும்

பேரினத்தை அறிவதன் உடனடிப் பயன் இங்கே இருக்கிறது. கேம்போனோடஸ், ஃபைடோலே, சொலெனாப்சிஸ், முசுறு போன்றவற்றின் ராணி அறையை அடைத்துக்கொண்டு, இனி தேவைப்படாத பறக்கும் தசையையும் உடற்கொழுப்பையும் கரைத்து முதல் குஞ்சுகளை வளர்ப்பாள். அவளுக்கு வேண்டியவை இருட்டு, ஈரம், தொந்தரவின்மை. சோதனைக் குழாயின் அடியில் தண்ணீர், அதைத் தடுத்துப் பஞ்சு, வாயில் இன்னொரு பஞ்சு. சர்க்கரையும் ஈயும் போட்டுத் தினமும் திறந்து பார்ப்பவரின் ராணி முட்டையைத் தின்றுவிடுவாள்.

பொனெரினே ராணி அப்படியல்ல. அவள் கூட்டைவிட்டு வெளியே போய் இரை தேடிக்கொண்டு வந்துதான் குஞ்சு வளர்ப்பாள். டெட்ராபொனெராவும் இவ்வகையே. இவளைக் கட்டெறும்பு என்று எண்ணி மூடிவைத்தால் பட்டினியில் இறப்பாள்.

பெயரே தெரியாதபோது என்ன செய்வது? ராபர்ட்டோ கெல்லர், கிறிஸ்டியன் பீட்டர்ஸ், பாட்ரீசியா பெல்டாடே ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உடலிலேயே ஒரு விடையைக் காட்டுகிறது. பூட்டிக்கொண்டு வளர்க்கும் ராணிகளில் பறக்கும் தசை நிறைந்த நடுமார்பு பெருத்து, முன்மார்புத் தகடு மேலிருந்து பார்த்தால் ஏறக்குறைய மறைந்துவிடும். வெளியே இரை தேடும் ராணிகளுக்குக் கழுத்துத் தசை வலிமை வேண்டும். ஆகவே முன்மார்புத் தகடு அகன்று, மேலிருந்து நன்றாகவே தெரியும். பெயர் தெரியாத ராணியை முதலில் மேலிருந்து பார்த்துவிட்டு, முன்மார்பு அகலமாகத் தெரிந்தால் ஒரு சிறு கரப்பான் குஞ்சையோ நசுக்கிய ஈயையோ கொடுத்துப் பார்க்கலாம். எடுத்துக்கொண்டால் விடை கிடைத்துவிட்டது. வளர்ப்பவர் கையில் கைவில்லை மட்டும் இருக்கும்போது, இவ்வளவு பயன்தரும் ஆய்வு முடிவு வேறு எதையும் நான் அறியேன்.

8. சட்டமும் கூண்டும்

பச்சைமலைக் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிச் சேகரிக்கக் கூடாது. ஊர்த் தெருவிளக்கும் சொந்த வயலுமே போதுமான அளவு தரும். விற்பனைக்காகப் பிடிப்பது வேறு கதை. 2025 ஏப்ரலில் கென்யாவின் நைவாஷாவில் இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் ஏறத்தாழ 5,000 ராணிகளைப் பஞ்சு அடைத்த குழாய்களில் வைத்திருந்தபோது பிடிபட்டனர்; பெரிய ஆப்பிரிக்க அறுவடை எறும்பான மெஸ்ஸார் செஃபலோட்ஸ் அவற்றில் இருந்தது. மே மாதம் நீதிமன்றம் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதித்தது. ராணி ஒன்று போனால் ஒரு குடி முழுவதும் போகிறது என்பதால் இந்த வழக்கை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

சில ராணிகளைப் பிடித்தாலும் வளர்க்காமல் விடுவது நல்லது. மஞ்சள் பைத்திய எறும்பு எனப்படும் அனோப்ளோலெபிஸ் கிராசிலிபெஸ் ஒரே கூட்டில் பல ராணிகளோடு பெருகுவது. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைப் பகுதிக் கிராமங்களில் அது கால்நடைகளையும் பயிரையும் தாக்கியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. நீண்ட கால்கள், மஞ்சட்பழுப்பு உடல், பதினொரு கணு உணர்கொம்பு. ஓர் ஊரில் வளர்த்த எறும்பை மற்றோர் ஊரில் கொண்டு விடுவது எந்த இனமானாலும் கூடாது.

9. முதல் வேலைக்கார எறும்புகள் வந்த பிறகு

முதல் குஞ்சுகள் வழக்கமான அளவைவிடச் சிறியவை. ராணி தன் உடலைக் கரைத்து வளர்த்தவை என்பதால் அவை குறுகிப் பிறக்கின்றன. அவற்றைத் திறவுகோலில் வைத்து அளந்தால் மீண்டும் தவறும். கணுக்களின் எண்ணிக்கை, முட்கள், மயிரின் அமைப்பு ஆகியவற்றை இந்தக் கட்டத்தில் சரிபார்க்கலாம். அளவையும் தலையின் வடிவத்தையும் கூடு பெருகிய பிறகுதான். ஃபைடோலேவில் சிப்பாய் வர வேண்டும். கட்டெறும்பில் பெருந்தலை வேலைக்கார எறும்பு தோன்ற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அஜய் நரேந்திராவும் எம். சுனில் குமாரும் 2006இல் வெளியிட்ட தீபகற்ப இந்திய எறும்புக் கையேடு இந்தக் கட்டத்தில்தான் உதவும். ராணியைப் பிடித்த அன்றே அதைப் புரட்டினால் குழப்பம் கூடும்.

இறக்கும் வேலைக்கார எறும்புகளைக் குப்பையில் போடாமல் ஒரு சிறு குப்பியில் சாராயத்தில் சேர்த்துவர வேண்டும். குப்பிக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு: ராணி பிடிபட்ட இடம், தேதி, வேளை, மண், பேரினம். ராணி இறந்தால் அவளும் அதே குப்பிக்குள். இந்திய எறும்புகள் பலவற்றின் ராணி இன்றுவரை விவரிக்கப்படவில்லை. காரணம், விளக்கில் விழுந்து, இப்போது அருங்காட்சியகப் பெட்டியில் இருக்கும் ராணி எந்த வேலைக்கார எறும்பின் தாய் என்று சொல்ல ஆளில்லை. ஒரே குழாயில் தொடங்கி வளர்ந்த குடியின் ராணியும் சிப்பாயும் வேலைக்கார எறும்புகளும் ஒரே குப்பியில் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கோ, எறும்பு வகைப்பாட்டில் ஈடுபட்ட ஒரு பல்கலைக்கழகத் துறைக்கோ அதைக் கொடுக்கலாம். அதுவரை சீட்டில் ‘ஃபைடோலே, இனம் தெரியாதது, பூலாம்பாடி’ என்று இருந்தால் போதும். சிப்பாயின் தலையைப் பார்த்த வல்லுநர் மீதியை நிரப்புவார்.